சமரசத்தின் கதவை அடைத்தவர்: எல். இளையபெருமாள்

1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானபோது, கடலூரின் மக்களவை உறுப்பினர்களுள் ஒருவர் காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள் (1924–2005). மூன்று முறை வென்ற அவரது அவைப்பணியில், வழக்கறிஞர்களாகிய நாம் முதன்மையாகக் கருதுவது 1965இல் அவர் தலைமையேற்ற தீண்டாமை ஆய்வுக் குழுவையே.

தீண்டாமைக் குற்றங்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்ற அனுமதியுடன் சமரசத்திற்கு இடமளித்தது. நிலமும் கூலியும் ஆதிக்கச் சாதியின் கையில் இருக்கையில் அது சமரசமா, மிரட்டலா? 1969இல் அளிக்கப்பட்ட குழுவின் அறிக்கை, பரம்பரை அர்ச்சக முறையையும் ஒழிக்கக் கோரியது. அவ்வறிக்கையின் அடியொற்றிப் பழைய சட்டம் 1976இல் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமானது. சமரசம் விலக்கப்பட்டது, குறைந்தது ஒரு மாதச் சிறை விதிக்கப்பட்டது. அப்போது இளையபெருமாள் மக்களவையில் இல்லை.