சூலியா தெருவிலிருந்து ஹார்பினுக்குச் சென்ற வைத்தியர்

பினாங்குச் சூலியா தெருவை அறியாத நம்மவர் இல்லை. நம் முன்னோர் கடை வைத்துப் பிழைத்த அத்தெருவில், 1904-ஆம் வருஷக் கடைசியில் ஓர் இளம் சீன வைத்தியர் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். அவரே பின்னாளில் பிளேக் நோயை எதிர்த்துப் போராடி உலகப் புகழ் பெற்ற டாக்டர் வூ லியன் தே.

1879-ஆம் வருஷம் மார்ச் 10-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். தகப்பனார் சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்று, 1896-இல் ராணியின் உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் சென்றார். லண்டனில் மருத்துவம் முடித்து, லிவர்பூல், ஜெர்மனி, பாரிஸ் ஆகிய இடங்களில் கிருமிகளைப் பற்றி ஆராய்ந்தார்.

இவ்வளவு படித்தவருக்குப் பிறந்த நாட்டில் தக்க உத்தியோகம் கிடைக்கவில்லை. அக்காலத்தில் உயர்ந்த மருத்துவப் பதவிகளெல்லாம் வெள்ளையருக்கே உரியவை. கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தில் 1903 முதல் ஒரு வருஷ காலம் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ந்துவிட்டுத்தான் சூலியா தெருவுக்கு வந்தார்.

இங்கே அவர் சும்மா இருக்கவில்லை. தம் இனத்தவரைச் சீரழித்து வந்த அபினிக்கு எதிராகக் கிளம்பினார். 1906-இல் அவர் கூட்டிய அபினி எதிர்ப்பு மாநாட்டுக்குச் சுமார் 2,000 பேர் வந்தனர். அபினி வருமானத்தில் கொழுத்தவர்களுக்கு இது பிடிக்குமா? 1907-இல் அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. ஒரு அவுன்ஸ் அபினிக் கஷாயம் அகப்பட்டது. மருந்துக்காக வைத்திருந்த அந்த ஒரு அவுன்ஸுக்காக அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அபினியை எதிர்த்தவரே அபினிக் குற்றவாளியானார்! மறு வருஷமே சீன அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று, தியன்ட்சின் ராணுவ மருத்துவக் கல்லூரியின் உபதலைவராகச் சென்றுவிட்டார். நஷ்டம் மலாயாவுக்குத்தான்.

1910-ஆம் வருஷக் குளிர்காலத்தில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் விநோதமான நோயொன்று பரவியது. காய்ச்சல், இருமல், இரத்தத் துப்பல். ஓரிரு நாளில் மரணம். பிழைத்தவர் இல்லை. டிசம்பர் 24-ஆம் தேதி, 31 வயதான டாக்டர் வூ ஒரு மாணவரை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு அங்கு போய் இறங்கினார். மூன்றாம் நாள், நோயால் இறந்த ஒரு ஜப்பானியப் பெண்ணின் பிரேதத்தை இரகசியமாக அறுத்துச் சோதித்தார். பிரேதத்தை அறுப்பது அக்காலச் சீனாவில் ஆகாத காரியம். நுரையீரலில் பிளேக் கிருமிகள் நிறைந்திருந்தன.

பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியுமே காரணம் என்று அந்நாளைய வைத்தியர்கள் நம்பியிருந்தனர். இதுவோ மனிதர் மூச்சிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நுரையீரல் பிளேக் என்றார் டாக்டர் வூ. தோலுக்காக வேட்டையாடப்பட்ட தார்பகான் என்னும் பிராணியிடமிருந்து அது கிளம்பியிருக்கலாம் எனக் கருதப்பட்டது. பஞ்சை நடுவில் வைத்து மெல்லிய துணியை மடித்துக் கட்டும் முகமூடியை அனைவரும் அணியவேண்டும் என்றார்.

மெஸ்னி என்ற பிரெஞ்சு வைத்தியர் இதை ஒப்பவில்லை. வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். ஒரு சீன வாலிபன் தமக்குப் பாடம் சொல்வதா என்று சீறினார். டாக்டர் வூ ராஜினாமா செய்யவும் முன்வந்தார். அரசாங்கம் அவரை விடவில்லை. மெஸ்னி முகமூடியின்றி நோயாளிகளைப் பரிசோதித்தார். 1911 ஜனவரி 11-ஆம் தேதி அதே நோயால் மாண்டார். அதன் பிறகே நகரம் முழுதும் முகமூடி கட்டியது. 2020-இல் நாமெல்லாம் முகமூடி கட்டித் திரிந்தபோது, பினாங்கில் பிறந்த இவரை எத்தனை பேர் நினைத்தோம்?

நகரம் நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. போக்குவரத்து தடுக்கப்பட்டது. ரயில் பெட்டிகள் தனிமைப்படுத்தும் இடங்களாயின. கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து ஓடவும் வேண்டாம் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு புதிதன்று.

ஆனால் ஒரு பெருஞ்சோதனை இருந்தது. நிலம் பாறையாக உறைந்துவிட்டதால் 2,000-க்கும் மேற்பட்ட பிரேதங்கள் அடக்கமின்றிக் குவிந்து கிடந்தன. முன்னோரைப் பூமியில் அடக்குவதைப் புனிதமாகக் கருதுபவர்கள் சீனர். அவற்றை எரிக்க வேண்டுமென்று மன்னரிடம் அனுமதி கேட்க நேர்ந்தது. மையித்தை மண்ணுக்கு ஒப்படைக்கும் நமக்கு அந்த வேதனை விளங்கும். ஜனவரிக் கடைசியில், சீனப் புத்தாண்டை ஒட்டி, அனுமதி வந்தது, சிதைகள் எரிந்தன. மார்ச் முதல் தேதியுடன் ஹார்பினில் நோய் நின்றது. அதற்குள் மஞ்சூரியா முழுவதும் சுமார் 60,000 பேர் இறந்திருந்தனர். ஏப்ரலில் முக்டன் நகரில் 11 நாட்டு நிபுணர்கள் கூடிய பிளேக் மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார்.

பின்னர் ஆஸ்பத்திரிகளும் துறைமுகத் தனிமைப்படுத்தும் நிலையங்களும் அவர் முயற்சியால் சீனாவில் எழுந்தன. 1935-இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

யுத்தம் மூண்டதால் 1937-இல் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண வைத்தியராக மறுபடி அமர்ந்தார். ஜப்பானியர் காலத்தில் மலைக்காட்டுப் போராளிகள் அவரைப் பிடித்துச் சென்று பணயத் தொகை கேட்டனர். தொகையைக் கட்டி மீண்டு வந்தால், போராளிகளுக்குப் பணம் கொடுத்ததாக ஜப்பானியர் சந்தேகித்தனர்! முன்பு அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு ஜப்பானிய அதிகாரியின் தயவால் தப்பினார்.

எண்பதை நெருங்கும்வரை நோயாளிகளைப் பார்த்துவந்தார். 1959-இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். பின் பினாங்கு திரும்பி, 1960 ஜனவரி 21-ஆம் தேதி பிறந்த ஊரிலேயே காலமானார்.