காதை அறுத்தவர் காதுகளில் வாழ்கிறார்!

பாரதம் பாடிய வில்லிபுத்தூராரின் கதை

காதை அறுக்கும் புலவர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தாராம். அவர் கையில் எப்போதும் ஒரு துறட்டி இருக்குமாம். யாராவது புலவர் என்று சொல்லிக்கொண்டு எதிரே வந்தால் போதும், வாதுக்கு அழைப்பாராம். தோற்றவரின் காது துறட்டிக்கு இரையாகிவிடும்!

இப்படிப் பெயர் வாங்கியவர் யார் தெரியுமா? பாண்டவர் கதையைத் தமிழில் பாடிக் கொடுத்த வில்லிபுத்தூரார்தான்.

சனியூரில் பிறந்தார்

பெயரைக் கேட்டதும் பலர் இவரை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்று நினைத்துவிடுவார்கள். அது தவறு. இவர் பிறந்தது நடுநாட்டில், திருமுனைப்பாடியைச் சேர்ந்த சனியூரில். தந்தையின் பெயர் வீரராகவர். வைணவக் குடும்பம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த பெரியாழ்வாரிடம் கொண்ட பக்தியால் பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்தார்கள்.

14-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவர் வாழ்ந்தார் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. தமிழும் வடமொழியும் இவருக்கு இரண்டு கண்கள். சந்தம் துள்ளும்படி பாட்டுக் கட்டுவதில் வல்லவர்.

அதே நாட்டில் வக்கபாகை என்ற ஊரில் வரபதி ஆட்கொண்டான் என்ற சிற்றரசன் இருந்தான். பாரதத்தைத் தமிழில் பாடித் தரவேண்டும் என்று இவரைக் கேட்டுக்கொண்டவன் அவன்தான். இந்த விவரங்களை எல்லாம் வில்லிபுத்தூராரின் மகன் வரந்தருவார் எழுதிய பாயிரம் சொல்லுகிறது. தந்தை நூல் பாடினார். மகன் அதற்கு முகவுரை பாடினார்.

மலை போன்ற வேலை

வேலை சாதாரணமானதா? வியாசர் பாரதம் 18 பருவம் கொண்டது. கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை. எதை எடுப்பது, எதை விடுவது? எந்தப் புலவனும் மலைத்துப் போவான்.

வில்லிபுத்தூரார் மலைக்கவில்லை. போர் முடிகிற வரை உள்ள கதையை 10 பருவங்களில் அடக்கினார். நாலாயிரத்து முந்நூறுக்கும் அதிகமான பாட்டுகளில் முடித்தார். கிளைக்கதைகள் பலவற்றைச் சுருக்கினார், சிலவற்றை விட்டார். ஆனால் கேட்பவர் மனம் எங்கே நிற்கும், எங்கே கண் கலங்கும் என்று பார்த்து, அங்கே மட்டும் நிறுத்தி நிதானமாகப் பாடினார்.

கர்ணன் சாகும் காட்சியைப் பாருங்கள். அம்பு பட்டுத் தேரில் சாய்ந்து கிடக்கிறான். கண்ணன் ஏழை அந்தணனாக வருகிறான். அவன் செய்த புண்ணியம் முழுவதையும் தானமாகக் கேட்கிறான். தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை. தன் மார்பிலிருந்து வழிகிற இரத்தத்தையே நீராக வார்த்துக் கொடுக்கிறான் கர்ணன். இந்தக் காட்சி வியாசர் பாரதத்தில் கிடையாது. தமிழ்ப் பாரதத்தில் இருக்கிறது. 1964-ல் வந்த கர்ணன் திரைப்படத்தைப் பார்த்து அழாதவர் உண்டா? அந்தக் கண்ணீரில் வில்லிபுத்தூராருக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. போரைத் தடுக்க என்ன வழி என்று சகாதேவனைக் கண்ணன் கேட்கிறான். கண்ணனையே கட்டிப்போட்டால் போதும் என்கிறான் சகாதேவன். கண்ணன் பதினாறாயிரம் வடிவாக நின்று காட்டுகிறான். சகாதேவன் கயிற்றைத் தேடவில்லை. மனத்தாலேயே கட்டிவிடுகிறான்!

பிறகு துரியோதனன். மனைவியும் கர்ணனும் தனித்திருக்கும் இடத்தில் அவளுடைய மேகலை மணிகள் சிந்துகின்றன. உள்ளே வந்த துரியோதனன் சந்தேகப்படவில்லை. மணிகளைப் பொறுக்கவும் கோக்கவும் தானே முன்வருகிறான். கெட்டவன் என்று நாம் எண்ணியவனிடம் இவ்வளவு பெரிய நட்பு! இந்த ஒரு காட்சியால்தான் கர்ணன் ஏன் கடைசிவரை அவனை விட்டுப் போகவில்லை என்பது நமக்குப் புரிகிறது.

கதை பழையது. அதைக் கேட்டு நெஞ்சம் அசைவது புதியது. வில்லிபுத்தூராருக்குக் கற்பனை ஊறிய இடம் இதுதான்.

அண்ணாமலையில் நடந்த வாது

இவ்வளவு பெரிய புலவர் ஏன் காதை அறுத்தார்? அரைகுறைப் படிப்பாளிகள் புலவர் என்று ஊரை ஏமாற்றுவது அவருக்குப் பொறுக்கவில்லை என்பார்கள். கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் நாளாக ஆகக் கர்வமும் அதோடு சேர்ந்துகொண்டது.

அந்தக் கர்வம் அடங்கியது திருவண்ணாமலையில் என்று ஊரில் கதை சொல்வார்கள். சரித்திர ஆதாரம் காட்ட முடியாத கதைதான். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக வந்த கதை.

அருணகிரிநாதர் அண்ணாமலையில் திருப்புகழ் பாடிப் புகழோடு இருந்த காலம். அவரை வாதுக்கு அழைத்தாராம் வில்லிபுத்தூரார். அருணகிரிநாதர் பாட்டுப் பாடவேண்டும். வில்லிபுத்தூரார் உடனே பொருள் சொல்லவேண்டும். காதுதான் பந்தயம்!

அருணகிரிநாதர் கந்தர் அந்தாதியைப் பாடத் தொடங்கினார். ஒவ்வொரு பாட்டுக்கும் வில்லிபுத்தூரார் தடையில்லாமல் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். 53 பாட்டு முடிந்தது. 54-ஆம் பாட்டு வந்தது. பாட்டு முழுவதும் தகர வரிசை எழுத்துகள். வேறு எழுத்தே கிடையாது! தாளச் சத்தம் போலக் காதில் விழுந்ததே தவிர, பொருள் விளங்கவில்லை. வில்லிபுத்தூரார் திகைத்தார். வாய் திறக்கவில்லை. தோற்றார்.

சபை முழுவதும் அவருடைய காதையே பார்த்தது. எத்தனை பேரின் காதை அறுத்தவர்! இன்று அவர் முறை.

அருணகிரிநாதர் துறட்டியைத் தொடவில்லை. அந்தப் பாட்டுக்குத் தாமே பொருள் சொல்லி விளக்கினார். இனி யார் காதையும் அறுக்கவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வில்லிபுத்தூரார் துறட்டியைக் கீழே வைத்தார். கருணைக்கு அருணகிரி என்ற பழமொழி இதனால் வந்தது என்பார்கள்.

பொருள் தெரியாதவன் காதை அறுப்பது ஒரு வழி. அவனுக்குப் பொருளைச் சொல்லிக் கொடுப்பது இன்னொரு வழி. வில்லிபுத்தூராரின் பாரதம் பிழைத்தது இந்த இரண்டாவது வழியால்தான்.

ஊரே நடிக்கும் கதை

எப்படி என்கிறீர்களா? அவருடைய பாட்டில் வடசொல் அதிகம். நடை கம்பீரமானது. ஏர் பிடித்தவர்களுக்கும் நாற்று நட்டவர்களுக்கும் கேட்டவுடன் விளங்கிவிடாது. அதற்காக யாரும் அவர்கள் காதை அறுக்கவில்லை. பாரதப் பிரசங்கியார் வந்தார். ஒரு பாட்டைப் படிப்பார். எளிய தமிழில் விளக்குவார். நடுவே ஊர்க் கதை ஒன்றையும் சேர்ப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பாரதம் கற்றார்கள்.

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்றும் இதைக் காணலாம். கோடைக்காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும். 18 நாள் நடத்தும் ஊர்களும் உண்டு. பகலில் பிரசங்கம். இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. செய்யாறு பக்கத்தில் உள்ள புரிசை கிராமம் கூத்துக்குப் பேர் போனது.

அர்ச்சுனன் தபசு அன்று, வேடம் போட்டவர் உயரமான மரத்தில் ஏறுவார். கீழே தாய்மார்கள் பிள்ளை வரம் வேண்டி நிற்பார்கள். கடைசி நாளில் துரியோதனனை மண்ணால் மிகப் பெரிய உருவமாகச் செய்து கிடத்துவார்கள். படுகளம் என்று அதற்குப் பெயர். பார்க்க வந்தவர்களே சேனையாகிவிடுவார்கள். ஊரே குருக்ஷேத்திரம்!

நாளை இரவு என்ன ஆடுவது, சபையை எப்படி உட்கார வைப்பது என்ற கவலை கூத்து வாத்தியாருக்கு உண்டு. கதை எல்லாருக்கும் தெரியும். அதில் எந்த இடத்தை விரிப்பது என்பதில்தான் அவர் திறமை இருக்கிறது. வில்லிபுத்தூரார் செய்ததையே அவரும் செய்கிறார்.

மேஜையைச் சுற்றி ஒரு பாரதம்

கடல் கடந்த நாடுகளிலும் இதே கவலை உள்ளவர்கள் இருக்கிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய புதுமாதிரி விளையாட்டு வெளிவந்தது. டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்று பெயர். மேஜையைச் சுற்றி நண்பர்கள் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேடம் ஏற்பார்கள். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி. வாளை வீசினால் வெட்டு விழுமா, தப்புமா என்பதைப் பகடை சொல்லும். வாரம் தவறாமல் கூடி, ஒரே கதையை மாதக்கணக்கில் ஆடுகிறவர்களும் உண்டு. நம் நாட்டு நகரங்களிலும் இளைஞர்கள் இதை ஆடுகிறார்கள்.

அந்தக் கதைசொல்லிக்கு வாரா வாரம் தலைவலி. அடுத்த வாரத்துக்குக் கதை வேண்டும். எங்கே போவது? பகடையால் நாடிழந்த கதையைவிடப் பெரிய பகடைக் கதை உலகில் வேறு என்ன இருக்கிறது! பழைய கதையை எடுக்கலாம். கேட்பவர் யார் என்று பார்த்து, வேண்டியதை நிறுத்தி வேண்டாததை விடலாம். ஒருவர் தடுமாறினால், அவரைக் கேலி செய்யாமல் விளக்கிச் சொல்லி ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். வில்லிபுத்தூராரின் வாழ்க்கை சொல்லும் வழி இதுதான்.

அவர் பாடிய பாரதம் பிற்காலத்தில் இன்னும் வளர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை என்ற புலவர் அவருடைய பாட்டுகளோடு மேலும் பல ஆயிரம் பாட்டுகளைச் சேர்த்துப் பெரிய பாரதம் ஆக்கினார். வை.மு. கோபாலகிருஷ்ணமாசாரியார் வில்லி பாரதத்துக்கு விரிவான உரை எழுதி, படிக்கத் தெரிந்த எல்லாருக்கும் எட்டும்படி செய்தார்.

துறட்டி என்ன ஆனதோ! பாட்டு மட்டும் நின்றது. கோடை வெயில் தணிந்த மாலையில், திரௌபதி அம்மன் கோயில் திடலில், பாட்டி மடியில் பேரன் படுத்துக்கொண்டு கர்ணன் கதை கேட்கிறான். அறுபடாத அந்தச் சின்னக் காதுகளில் வில்லிபுத்தூரார் இன்றும் வாழ்கிறார்.