டாக்டர் போன பிறகு யார்?
வேலூர் ஐடா அம்மையாரின் வரலாறு

ஒரே இரவு. மூன்று வீடுகளில் பிரசவ வேதனை. பொழுது விடிந்தபோது மூன்று தாய்மாரும் இறந்து போயிருந்தார்கள்.

திண்டிவனத்தில் நடந்த இந்தச் சோகம் ஓர் இளம் பெண்ணை டாக்டராக்கியது. அந்தப் பெண்தான் ஐடா ஸ்கடர் அம்மையார்.

டாக்டர் குடும்பம்

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த மிஷன் டாக்டர். தந்தையும் டாக்டரே.

ஐடாவுக்கோ இந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ ஆசைப்பட்டார். 1890இல் தாயாருக்கு உடல்நலம் கெட்டது. தாயாரைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தார். வந்த இடத்தில்தான் அந்த இரவு வந்தது.

ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். இருவர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம். மூவருடைய மனைவியரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் தந்தை வரத் தயார். ஆனால் ஆண் டாக்டர் பார்ப்பதற்கு அந்த வீடுகளில் சம்மதம் இல்லை. ஐடாவோ வைத்தியம் படிக்காதவர். மூன்று உயிர்களும் போயின.

ஐடா மனம் மாறினார். அமெரிக்கா திரும்பி வைத்தியம் படித்தார். 1899இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900இல் வேலூருக்கு வந்து, வீட்டின் சிறிய அறை ஒன்றில் வைத்தியத்தைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது.

முதலில் நர்ஸ் பள்ளி

கூட்டம் பெருகியது. ஒரு நோயாளியின் பக்கத்தில் டாக்டர் நிற்பது சில நிமிஷம். மீதி நேரம் யார் நிற்பது? காய்ச்சல் ஏறுகிறதா என்று யார் பார்ப்பது? நள்ளிரவில் தண்ணீர் கொடுப்பது யார்?

1909இல் அம்மையார் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதற்கு 9 ஆண்டுகள் கழித்து, 1918இல்தான் வந்தது.

அன்று நர்ஸ் வேலையை மதித்தவர்கள் குறைவு. அன்னியர் உடம்பைத் தொடுவதா, மலச்சட்டி எடுப்பதா என்று பலரும் முகம் சுளித்த காலம் அது. அந்த வேலையைப் படித்துச் செய்யும் தொழிலாக வேலூர் ஆக்கியது. 1946இல் நர்ஸ் படிப்பு பட்டப் படிப்பாகவே உயர்ந்தது.

அரிச்சுவடிப் பாடங்கள்

நர்ஸ் வேலையின் அரிச்சுவடி எளிமையானது.

நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். நாடியை ஒரு நிமிஷம் முழுவதும் எண்ண வேண்டும். காய்ச்சல் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று நேரத்தோடு குறித்து வைக்க வேண்டும்.

எழுந்திருக்க முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் குறையும். தோல் சிவந்து புண்ணாகும். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. விரிப்பு ஈரமில்லாமல், சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும்.

படுத்த நிலையில் கஞ்சி ஊற்றினால் அது மூச்சுக் குழாயில் போய்விடலாம். தலையையும் முதுகையும் நிமிர்த்தி, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். விழுங்க முடியாமல் இருமினால் உடனே நிறுத்தி, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இவற்றுக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பொறுமையும் கவனமும் வேண்டும். ஒரு வேளை தவறினாலும் துன்பப்படுவது நோயாளிதான்.

வீட்டுக்கும் பாடம்

அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960ஆம் ஆண்டு மே மாதம், 89ஆம் வயதில், கொடைக்கானலில் காலமானார். ஒற்றை அறையில் அவர் தொடங்கிய வைத்தியம், வேலூர் சி.எம்.சி. என்று நாடறிந்த பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்துவிட்டது.

வேலூருக்கு வெகு தொலைவில் இருக்கிறது செட்டிநாட்டு நெற்குப்பை. அங்கே ஒரு வீட்டில் பக்கவாதத்தால் படுத்த பெரியவர் ஒருவர் இருந்தால், அவருக்கும் இந்தப் பாடங்களே துணை. டாக்டர் வந்து பார்த்துப் போய்விடுவார். அதன் பிறகு கை கழுவி, குறித்து வைத்து, புரட்டிப் படுக்க வைக்கும் மகளோ மருமகனோ பேரனோதான் அந்த வீட்டின் நர்ஸ்.