லிஃப்ட் ஓட்டிய ஒலிம்பிக் வீரர்

ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்றதும் நம் எல்லாருக்கும் உடனே ஞாபகம் வருவது 1936 பெர்லின் ஒலிம்பிக்தான். ஹிட்லர் ஆண்ட ஊரில் ஒரு கறுப்பின வாலிபர் நான்கு தங்கப் பதக்கம் வாங்கினார். பொது அறிவுப் போட்டியில் இரண்டு மார்க் வாங்க அது போதும். ஆனால் நண்பர்களே, நான் எழுத வந்தது அந்த நான்கு பதக்கத்தைப் பற்றி இல்லை. அவர் கைக்குக் கிடைக்காமலே போன ஒரு காகிதத்தைப் பற்றி. அதுதான் டிகிரி சர்டிபிகேட்!

1913 செப்டம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவில் அலபாமா மாநிலம் ஓக்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஹென்றி அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர். தாத்தா அடிமையாக இருந்தவர். பத்துப் பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. ஒன்பது வயதில் குடும்பம் பிழைப்புத் தேடி வடக்கே கிளீவ்லாந்து நகரத்துக்குப் போனது. சொந்தப் பெயர் ஜேம்ஸ் கிளீவ்லாந்து. வீட்டில் சுருக்கமாக ஜே.சி. என்று கூப்பிடுவார்கள். புதுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் கேட்க, இவர் தெற்கத்திப் பேச்சில் சொன்னது அவர் காதில் ஜெஸ்ஸி என்று விழுந்துவிட்டது. அதையே ரிஜிஸ்டரில் எழுதிவிட்டார். அந்தப் பெயர்தான் கடைசிவரை நின்றது.

சாயங்காலம் பள்ளி விட்டதும் மற்ற பையன்கள் கிரவுண்டுக்குப் போவார்கள். இவரோ செருப்பு தைக்கிற கடைக்கு வேலைக்குப் போகவேண்டும். கோச் சார்லஸ் ரைலி இதைப் பார்த்து, விடிகாலையில் பள்ளி தொடங்கும் முன்பே தனியாக வந்து பயிற்சி கொடுத்தார். பையனை வேலையை விடச் சொல்லவில்லை. விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். பணம் கொடுப்பது மட்டும்தான் உதவி என்று நினைக்கிறோம். ரைலி கொடுத்தது தன் தூக்கத்தை.

அடுத்து சேர்ந்தது ஈஸ்ட் டெக்னிக்கல் என்ற தொழிற்பயிற்சிப் பள்ளி. நம்ம ஜாதி! 1933இல் சிகாகோவில் நடந்த தேசியப் பள்ளிகள் போட்டியில் 100 கஜத்தை 9.4 விநாடியில் ஓடி உலக சாதனையைச் சமன் செய்தார். நாடு முழுவதும் பெயர் தெரிந்துவிட்டது. அதே ஆண்டு ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இவ்வளவு பெரிய ஓட்டக்காரருக்கு அங்கே ஸ்காலர்ஷிப் கிடையாது. தடகளத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடே அப்போது இல்லை. விளையாட்டுத் திறமைக்காகவே ஒரு மாணவனுக்கு முழுச் செலவையும் கல்லூரி ஏற்கலாம் என்ற விதி அமெரிக்கா முழுவதுக்குமாக 1956இல்தான் வந்தது. அதற்குப் பிறகு பழைய மாணவர்களும் பணக்காரர்களும் ஒரு பெருந்தொகையை முதலாகப் போட்டு, முதலைத் தொடாமல், அதில் வருகிற வருமானத்தில் வருஷாவருஷம் ஒரு வீரனுக்கு ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு என்று கொடுக்கிற முறை பெரிதாக வளர்ந்தது. ஓவன்ஸ் இருபது வருஷம் முன்னால் பிறந்துவிட்டார், அவ்வளவுதான்.

அதனால் வேலை பார்த்தார். ஹோட்டலில் பரிமாறினார். பெட்ரோல் பங்கில் நின்றார். மாநிலச் சட்டமன்றக் கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டினார். ஆட்கள் ஏறி இறங்கும் முன்பக்க லிஃப்ட் இல்லை, பின்பக்கத்துச் சரக்கு லிஃப்ட். கறுப்பர் என்பதால் கல்லூரி ஹாஸ்டலிலும் இடமில்லை. வெளியே அறை எடுத்துத் தங்கினார். டீமோடு வெளியூர் போனால் மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் இவரை உள்ளே விடமாட்டார்கள்.

பகலில் கிளாஸ், பிறகு கோச் லாரி ஸ்னைடரிடம் பயிற்சி, அதன் பிறகு டூட்டி. இதில் படிப்பது எப்போ? பார்ட் டைம் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற நம்ம நண்பர்களுக்கு இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

1935 மே 25. ஆன் ஆர்பர் மைதானம். சில நாள் முன்பு மாடிப்படியில் விழுந்து முதுகில் அடிபட்டு, குனியவே முடியாத நிலை. அன்று 45 நிமிடத்துக்குள் மூன்று உலக சாதனைகளை உடைத்து, ஒன்றைச் சமன் செய்தார். அதில் நீளம் தாண்டிய 8.13 மீட்டர் 25 வருஷம் நின்றது.

அதே வருஷம் ஜூலையில் ரூத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கு முன்பே ஒரு பெண் குழந்தையும் இருந்தது. குடும்பப் பொறுப்பும் சேர்ந்தது. சட்டமன்றத்தில் பார்த்த வேலைக்கு வாங்கிய சம்பளம், வேலை பார்த்ததற்கா, ஓடியதற்கா என்று விசாரணை வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். உதவியும் இல்லை, சம்பாதித்தால் சந்தேகம்! அந்தக் குளிர்காலத்தில் மார்க் குறைந்ததால் உள்ளரங்கப் போட்டிகளில் ஓடவும் தகுதி இழந்தார். உலகத்திலேயே வேகமான மனிதர் மார்க் பத்தாமல் வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

பெர்லின் கதை தெரிந்ததே. 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டல், தொடர் ஓட்டம். நான்கிலும் தங்கம். முடிந்த கையோடு அமெரிக்கத் தடகளச் சங்கம் பணம் திரட்ட டீமை ஊர் ஊராக ஓடவிட்டது. வசூல் சங்கத்துக்கு, ஓட்டம் இவருக்கு. ஸ்வீடனுக்கு வரமாட்டேன் என்றதும் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த டிசம்பரில் கியூபாவில் காசுக்காகக் குதிரையோடு போட்டி போட்டு ஓடினார். இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அவர் என்ன செய்வார்?

சலவைக் கடை வைத்தார், 1939இல் திவாலானது. 1940இல், 27 வயதில், பழைய பாடங்களை முடிக்கத் திரும்பவும் ஓஹியோ ஸ்டேட்டுக்கே போனார். எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். நான்கு தங்கம் வாங்கியவர், தன்னைவிட ஏழெட்டு வயது சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனாலும் மார்க் ஏறவில்லை. 1941 டிசம்பரில் விட்டுவிட்டார்.

மகள் மார்லீன் பிற்பாடு அதே பல்கலைக்கழகத்தில் படித்தார். 1972இல் அந்தப் பல்கலைக்கழகம் ஓவன்ஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1980 மார்ச் 31ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயில் காலமானார். அதன் பிறகு குடும்பத்தாரும் நண்பர்களும் அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, வசதியில்லாத பிள்ளைகள் காலேஜ் படிக்க ஸ்காலர்ஷிப் கொடுத்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் ரூத். அந்தச் சரக்கு லிஃப்ட் வேலையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.