ஹிட்லர் வீட்டுக் குளியல் தொட்டியில் ஒரு பெண்: யார் இந்த லீ மில்லர்?

1945 ஏப்ரல் 30. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹிட்லரின் வீடு. அமெரிக்கப் படையின் கைக்கு வந்துவிட்ட அந்த வீட்டின் குளியலறையில், தொட்டிக்குள் உட்கார்ந்து ஒரு பெண் குளிக்கிறார். தொட்டி விளிம்பில் ஹிட்லரின் போட்டோ. கீழே மிதியடி மேல் சேறு படிந்த ராணுவ பூட்ஸ். அதே நாளில்தான் பெர்லினில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டார்.

அந்தப் பெண் லீ மில்லர். பூட்ஸில் இருந்தது டாகாவ் வதைமுகாமின் சேறு. அன்று அந்த முகாமுக்குள் போய் படம் எடுத்துவிட்டுத்தான் மியூனிக் வந்திருந்தார். குளியல் தொட்டிப் படத்தை எடுத்தவர் லைஃப் பத்திரிகையின் போட்டோகிராபர் டேவிட் ஷெர்மன். அவர் ஒரு யூதர்.

உலகம் முழுக்க சுற்றியது இந்த ஒரு படம்தான். ஆனால் அதற்கு முன்னாடி முகாமுக்குள் லீ மில்லர் என்ன எடுத்தார்? எப்படி எடுத்தார்? அதுதான் முக்கியமான கதை.

மாடலாகத் தொடங்கிய வாழ்க்கை

1907ல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் பொகீப்சி என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஒரு இன்ஜினியர். போட்டோ எடுப்பதில் அவருக்குத் தீராத ஆசை. வீட்டிலேயே கேமராவோடு வளர்ந்த பெண் லீ.

19 வயதில் நியூயார்க் தெரு ஒன்றில் வண்டி மோத இருந்த நேரத்தில் ஒருவர் இழுத்துக் காப்பாற்றினார். அவர் வோக் பத்திரிகையின் அதிபர் காண்டே நாஸ்ட்! 1927 மார்ச் மாத வோக் அட்டையில் லீயின் முகம் ஓவியமாக வந்தது. அடுத்த சில மாதங்களில் அவர் முன்னணி மாடல்.

ஆனால் 1928ல், அவரைக் கேட்காமலேயே அவருடைய படம் ஒன்று மாதவிடாய் நாப்கின் விளம்பரத்தில் போடப்பட்டது. அந்தக் காலத்தில் அது பெரிய பரபரப்பு. மாடலிங் வாய்ப்புகள் அடிவாங்கின.

1929ல் பாரிஸ் கிளம்பினார். பிரபல கலைஞர் மேன் ரேயைத் தேடிப்போய் மாணவியாகச் சேர்ந்தார். பிறகு காதலியானார், கூடவே வேலை செய்யும் கலைஞரும் ஆனார். படம் கழுவும்போது நடுவில் வெளிச்சம் பட்டால் உருவத்தைச் சுற்றி ஒரு கோடு போல ஒளி படியும். சோலரைசேஷன் எனப்படும் அந்த உத்தியை இருவரும் சேர்ந்துதான் வளர்த்தார்கள்.

போருக்குள் வந்தது எப்படி?

1939ல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது லீ லண்டனில் இருந்தார். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகலாம் என்ற வழி இருந்தும் போகவில்லை. பிரிட்டன் வோக் பத்திரிகைக்காகக் குண்டு விழுந்த தெருக்களைப் படம் பிடித்தார். 1942 கடைசியில் அமெரிக்க ராணுவம் அவரைப் போர்ச் செய்தியாளராக அங்கீகரித்தது.

அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது. பெண் செய்தியாளர்கள் சண்டை நடக்கும் இடத்துக்குப் போகக்கூடாது. மருத்துவமனை, நர்ஸுகள், அதோடு சரி.

1944 ஆகஸ்ட்டில் பிரான்ஸின் செயின்ட் மாலோ நகரம் பிடிபட்டுவிட்டது என்று சொல்லி லீயை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் சண்டை மும்முரமாக நடக்கிறது! லீ திரும்பி வரவில்லை. குண்டுகளுக்கு நடுவே தங்கி, படமும் எடுத்து, செய்தியும் எழுதினார். நேபாம் குண்டுவீச்சைக் காட்டிய படங்களை ராணுவத் தணிக்கை நிறுத்தி வைத்தது. தடை செய்த இடத்துக்குள் போனதற்காக அவரைக் கொஞ்ச நாள் வீட்டுக்காவலில் வைத்தார்கள்.

கழுத்தில் தொங்கிய இரட்டை லென்ஸ் கேமரா

இந்தப் பயணம் முழுக்க லீயின் கழுத்தில் தொங்கியது ரோலிஃபிளெக்ஸ். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் தயாரான கேமரா. ஆமாம், ஜெர்மனியின் கொடுமையைப் பதிவு செய்ததும் ஒரு ஜெர்மன் கேமராதான்.

இதில் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் இருக்கும். மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. கண்ணில் வைத்துப் பார்க்கிற வேலை கிடையாது. வயிற்றுப் பக்கம் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலே உள்ள கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் காட்சி இடம் வலமாக மாறித் தெரியும். ஆள் வலது பக்கம் நடந்தால் கண்ணாடியில் இடது பக்கம் போவார்!

ஒரு ஃபிலிம் சுருளில் 12 படம்தான். 35 மி.மீ. கேமராவில் 36 எடுக்கலாம். 12 முடிந்ததும் சுருளைக் கழற்றி, காகிதத்தை ஒட்டி, புதுசு மாட்டணும். பக்கத்தில் குண்டு வெடித்தாலும் இதே வேலைதான்.

அப்புறம் ஏன் இதை எடுத்துப் போனார்? காரணம் ஃபிலிமின் அளவு. 6 செ.மீ.க்கு 6 செ.மீ. சதுரம். 35 மி.மீ. ஃபிலிமைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரிய பரப்பு. அதனால் முகத்தின் சுருக்கம், துணியின் நெசவு வரை துல்லியமாக விழும்.

இன்னொரு விஷயம், லென்ஸை மாற்ற முடியாது. ஜூம் கிடையாது. தூரத்தில் நின்று பெரிதாக்கவும் வழியில்லை. பெரிசா தெரியணும்னா பக்கத்தில் போகணும். அவ்வளவுதான்.

டாகாவ்: பக்கத்தில் போன கேமரா

டாகாவ் முகாமை அமெரிக்கப் படை மீட்டது ஏப்ரல் 29ல். அடுத்த நாளே லீ உள்ளே போனார். அதற்கு முன் புக்கன்வால்ட் முகாமையும் பார்த்திருந்தார். ரயில் பெட்டிகளில் கிடந்த உடல்கள், எலும்பும் தோலுமாகப் பிழைத்திருந்த கைதிகள், பிடிபட்ட காவலர்கள் என எல்லாவற்றையும் கிட்டப் போய் எடுத்தார்.

இதையெல்லாம் யாராவது நம்புவார்களா என்ற கவலை அவருக்கு இருந்தது. இது உண்மை, நம்புங்கள் என்று பத்திரிகைக்குக் கெஞ்சித் தந்தி அடித்தார். அமெரிக்க வோக் 1945 ஜூன் இதழில் படங்களை வெளியிட்டது. பிரிட்டன் வோக்கிலோ மிகக் குறைவாகவே வந்தது. வெற்றிக் கொண்டாட்ட நேரத்தில் இவ்வளவு கோரம் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள்.

போர் முடிந்ததும் லீ ஊர் திரும்பவில்லை. வியன்னாவில் மருந்தில்லாமல் சாகும் குழந்தைகளையும், 1946 ஜனவரியில் ஹங்கேரியின் முன்னாள் பிரதமர் பார்டோஸிக்கு நிறைவேற்றப்பட்ட மரண தண்டனையையும் படமெடுத்தார்.

பரணில் கிடந்த 60,000

1947ல் ஓவியர் ரோலண்ட் பென்ரோஸைத் திருமணம் செய்துகொண்டார். அதே வருஷம் மகன் ஆண்டனி பிறந்தார். 1949ல் குடும்பம் இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் ஒரு பண்ணை வீட்டில் குடியேறியது.

பார்த்த காட்சிகள் அவரை விடவில்லை. மன அழுத்தம், குடி. மெல்ல மெல்ல கேமராவை ஓரங்கட்டினார். சமையலில் இறங்கி, விதவிதமான விருந்துகளுக்குப் பெயர் வாங்கினார். போர்க்காலம் பற்றிப் பேச்செடுத்தால் ஒதுங்கிவிடுவார். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல நடந்துகொண்டார். பெற்ற மகனுக்கே அம்மா என்ன செய்தார் என்று சரியாகத் தெரியாது!

1977 ஜூலை 21ல், 70 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

அதற்குப் பிறகுதான் மருமகள் சுசானா வீட்டுப் பரணில் பெட்டிகளைக் கண்டெடுத்தார். உள்ளே சுமார் 60,000 நெகட்டிவ்கள், பிரின்ட்கள், கையெழுத்துப் பிரதிகள். ஆண்டனி அவற்றை வைத்துத் தாயின் வாழ்க்கை வரலாற்றை 1985ல் வெளியிட்டார். 2023ல் வந்த லீ படத்தில் கேட் வின்ஸ்லெட் அவராக நடித்தார்.

அன்று பத்திரிகை ஒதுக்கிய படங்கள் இன்று மியூசியங்களில் தொங்குகின்றன. வதைமுகாம் எதுவும் நடக்கவே இல்லை என்று வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாக, ஒருத்தர் பக்கத்தில் போய் நின்று எடுத்த 6க்கு 6 சதுரங்கள் அப்படியே இருக்கின்றன.