மாணவர் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டம் வகுத்த மேதையாக நாம் அறிவோம். ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்குப் போராடிய தலைவராக அறிவோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாள் அவர் சிலைக்கு மாலை அணிவிக்கின்றோம். ஆயினும் மாணவராக அவர் பட்ட பாட்டை அறிந்தோர் நம்மிடையே சிலரே. அவர் பிறவி மேதை, அவரைப் போல் படிக்க நம்மால் இயலாது என்று நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பணிவு போலத் தோன்றினும் உண்மையில் தீங்கானது. கல்லூரி வாயிலை மிதித்த நம் பிள்ளைகள் முதலாண்டிலேயே மனம் தளர்ந்து திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் அவருடைய மாணவ வாழ்வை மட்டும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

தந்தை தந்த அடித்தளம்

அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவில் மவ் என்னும் படைத்தள ஊரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகப் பணியாற்றியவர். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். சதாராவில் பள்ளி சென்ற சிறுவன் பீமராவ், பிற மாணவர்களிடமிருந்து ஒதுங்கி, வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்குத் துணியின்மேல் அமர வேண்டியிருந்தது. பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தொடும் உரிமையும் அவனுக்கில்லை. பின்னர் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் பயில விரும்பியபோது அது மறுக்கப்படவே, பாரசீகத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டான்.

பள்ளி செய்யத் தவறியதைத் தந்தை வீட்டில் செய்தார். ஆங்கிலமும் கணக்கும் தாமே கற்பித்தார். ஆங்கிலத்திலிருந்து மராத்திக்கும் மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்க்கும் பயிற்சியை நாள்தோறும் அளித்தார். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தபின், பரேல் பகுதியில் தொழிலாளர் வாழும் குடியிருப்பில் ஒற்றை அறையே அவர்கள் இல்லம். படிக்க அங்கே இடமுமில்லை, அமைதியுமில்லை. ஆதலின் மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்து, தாம் விழித்திருந்து, அதிகாலை 2 மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்தார் தந்தையார். மகன் கேட்ட நூல்களை வாங்கப் பணமில்லாத நாட்களில், மணமாகிச் சென்ற தம் பெண்மக்களிடம் கடன் பெற்றார். அவர்கள் நகையை அடகு வைத்தும் நூல் வாங்கினார்.

1907இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அவர் பெற்ற மதிப்பெண்கள் 750க்கு 282. இளைஞர்கள் இவ்வெண்ணைக் கருத்திற் கொள்ள வேண்டும். நூற்றுக்கு நாற்பதும் எட்டாத மதிப்பெண் அது. அன்று நம்மவருக்கு இருந்த தடைகளை நோக்க அதுவே பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும், பின்னாளில் உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் இரண்டில் முனைவர் பட்டங்கள் பெற்றவர், இந்த இடத்திலிருந்துதான் புறப்பட்டார்.

கை கொடுத்த ஆசிரியர்கள்

வீட்டில் இடமில்லாத மாணவன் சர்னி சாலைப் பூங்காவில் அமர்ந்து படிப்பது வழக்கம். அங்கே வந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலூஸ்கர் என்னும் ஆசிரியர் அவன் படிப்பார்வத்தைக் கண்டார், பேசினார், நூல்கள் கொடுத்தார். மெட்ரிகுலேஷன் வெற்றியைப் பாராட்டிய கூட்டத்தில் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாக அளித்தார். மேற்படிப்புக்குப் பணமின்றித் தந்தை கலங்கியபோது, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் மாணவனை அறிமுகம் செய்தவரும் அவரே. மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் முல்லர் என்னும் பேராசிரியர் தம் நூல்களை இரவல் தந்தார், உடையும் தந்தார். 1912இல் அம்பேத்கர் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தையார் காலமானார்.

உதவித்தொகை மட்டும் ஒரு மாணவனை ஆளாக்கிவிடாது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. படிக்க ஓரிடம், இரவல் தர ஒரு நூல், எந்த நூலைப் படிப்பது என்று சொல்ல ஒரு பெரியவர் ஆகிய மூன்றும் அவனுக்கு வேண்டும்.

கொலம்பியாவில் கற்ற முறை

1913ஆம் ஆண்டு பரோடா மன்னரின் உதவியுடன் அம்பேத்கர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படித்து முடித்தபின் பரோடா அரசில் 10 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது உடன்பாடு. தீண்டாமை இல்லாத நாட்டில் முதன்முறையாக வாழ்ந்த அவ்விளைஞருக்குத் தொடக்கச் சில மாதங்கள் விளையாட்டிலும் தோழமையிலும் கழிந்தன. பின்னர்த் தம்மைத் தாமே தடுத்து நிறுத்திப் படிப்பில் ஆழ்ந்தார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட பாடங்களின் கணக்கு வியப்பூட்டுவது. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் ஒவ்வொன்று. பட்டத்துக்கு இவ்வளவும் தேவையில்லை. ஆனால் சாதியை ஆராய வேண்டுமெனில் ஒரு துறை அறிவு போதாது என்று அவர் கண்டார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே மாதம் மானிடவியல் ஆய்வரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றிப் பரவிய விதம் பற்றிக் கட்டுரை படித்தார். பல துறைப் படிப்பும் அக்கட்டுரையில் ஒன்றுசேர்ந்து பயன் தந்தது.

அவருடைய பொருளியல் ஆசான் பேராசிரியர் செலிக்மன். ஆராய்ச்சி செய்ய எம்முறையைக் கையாள வேண்டும் என்று மாணவர் அவரிடம் கேட்டார். பணியில் முழுமனத்துடன் ஈடுபட்டால் உனக்குரிய முறை தானே உருவாகும் என்பது ஆசானின் விடை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அம்பேத்கர் அவ்வினாவைக் கேட்டார் என்பதே. நம் மாணவர்கள் வகுப்பில் புரியாததைக் கேட்க அஞ்சி மௌனம் காக்கின்றனர். கேட்டால் தம் குறை வெளிப்படும் என்று நாணுகின்றனர். உலகப் புகழ் பெற்ற பேராசிரியரிடம் எப்படிப் படிப்பது என்று கேட்க நம் தலைவர் நாணவில்லை.

இலண்டனும் திருத்திய ஆய்வேடும்

1916இல் அவர் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிவுற்றது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடர அனுமதி பெற்று நாடு திரும்பினார். பரோடாவில் உயர் பணியில் அமர்ந்தும், தங்க ஒரு விடுதி அறை கிடைக்காத இழிவுக்கு ஆளாகி வெளியேறினார். 1918இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். நண்பர் நவல் பதேனாவிடம் 5000 ரூபாய் கடன் பெற்றார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 1500 ரூபாய் உதவினார். 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார்.

அங்கே அவர் நாட்கள் நூலகங்களிலேயே கழிந்தன. பிரித்தானிய அருங்காட்சியக நூலகம், இந்தியா அலுவலக நூலகம், பல்கலைக்கழக நூலகம் ஆகியவற்றில் காலை முதல் மாலை வரை அமர்ந்து குறிப்பெடுத்தார். எடுத்த குறிப்புகளை இரவில் விடுதி அறையில் மீண்டும் படித்தார். அரை வயிற்று உணவே உண்டார். 1921இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார்.

1922 அக்டோபரில், இந்திய ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வேட்டை டி.எஸ்சி. பட்டத்துக்கு அளித்தார். ரூபாயின் மதிப்பை ஆங்கில ஆட்சி நிருவகித்த முறையைக் கண்டித்த ஏடு அது. தேர்வாளர்கள் அதனை அப்படியே ஏற்கவில்லை. திருத்தி எழுதுமாறு பணித்தனர். அதற்குள் கைப்பணம் கரைந்தது. 1923 ஏப்ரலில் அவர் பம்பாய் திரும்பினார். அங்கிருந்தே ஏட்டைத் திருத்தினார். தம் முடிவுகளை மாற்றாமல், அவற்றைச் சொல்லும் முறையை மட்டும் மாற்றி மீண்டும் அனுப்பினார். அவ்வாண்டு நவம்பரில் பட்டம் கிட்டியது. ஏடு நூலானபோது பேராசிரியர் எட்வின் கேனன், தமக்கு உடன்பாடில்லாத கருத்துகள் அதில் இருப்பினும் முன்னுரை எழுதித் தந்தார். கொலம்பியாவின் முனைவர் பட்டமும் அவ்வாறே தாமதித்தது. ஆய்வேட்டை அச்சிட்டு அளிக்க வேண்டுமென்பது அங்கு விதி. நூல் 1925இல் வெளிவந்தது; பட்டம் 1927இல் முறைப்படி வழங்கப்பட்டது.

திருத்தி எழுதச் சொன்னால் தோற்றுவிட்டோம் என்று கருதுவோர் இதனை நினைவிற் கொள்க. எழுத்து என்பது ஒருமுறை எழுதி முடிப்பதன்று.

பிறருக்குத் திறந்த வாயில்

தாம் பெற்ற கல்வியைத் தம்மோடு நிறுத்தியவரல்லர் அண்ணல். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அதன் சார்பில் 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி தொடங்கப்பட்டது. வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரான 1942ஆம் ஆண்டே, பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு நிதி கோரி மனு அளித்தார். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. நம் பிள்ளைகள் இன்று பெறும் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது.

பணம் மட்டும் போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். 1945 ஜூலையில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946 ஜூன் 20ஆம் நாள் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. பகலில் உழைப்போருக்காக 1947இல் இரவுப் பள்ளி, 1950இல் அவுரங்காபாத்தில் கல்லூரி, 1953இல் வணிகக் கல்லூரி என அப்பணி வளர்ந்தது. 1956 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். அவ்வாண்டிலும் ஒரு சட்டக் கல்லூரி அக்கழகத்தில் தோன்றியது.

நம் சங்கத்தின் கடமை

கட்டணம் செலுத்தவும் நூல் வாங்கவும் நம் சங்கம் 25 ஆண்டுகளாக உதவி வருகின்றது. அதனால் பலர் கல்லூரி புகுந்தனர். ஆயினும் புகுந்தோர் அனைவரும் பட்டம் பெற்றுத் திரும்பவில்லை. தமிழில் நன்கு படித்துத் தேறிய மாணவன், ஆங்கில விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்க இயலாமல் தவிக்கின்றான். நூலகத்தில் நூலைத் தேடும் வழி அறியான். கட்டுரை எழுதப் பழகியதில்லை. வீட்டில் கேட்டறியவும் எவருமில்லை, ஏனெனில் அவ்வீட்டில் கல்லூரி கண்டவன் அவனே முதல்வன். அறிவிலான் என்று தன்னைத் தானே முடிவு செய்துகொள்கின்றான். இது அறிவுக் குறையன்று. எவரும் கற்பிக்காத பயிற்சியின் குறை.

வரும் ஆண்டுகளில் சங்கம் ஒரு படிப்பகம் அமைக்க வேண்டும். விளக்கும் மேசையும் அகராதிகளும் இரவு வரை அங்கிருக்க வேண்டும். பட்டம் பெற்ற உறுப்பினர்கள் வாரம் ஒரு மாலை அங்கே வந்து, குறிப்பெடுக்கவும், சுருக்கி எழுதவும், மொழிபெயர்க்கவும், எழுதியதைத் திருத்தவும் பயிற்சி அளிக்க வேண்டும். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் மூத்த மாணவர் ஒருவர் துணை நிற்க வேண்டும். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. நேரம் தர மனம் வேண்டும்.

இளைஞர்களே! ராம்ஜி சக்பாலைப் போல் விழித்திருக்கும் தந்தை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காத பிள்ளைக்கு நம் சங்கம் விழித்திருக்க வேண்டும். படித்து முடித்தவர்கள் அடுத்தவனுக்குக் கெலூஸ்கராக நிற்க வேண்டும். வளர்க நம் கல்விச் சங்கம்!