எட்கர் காட் அவர்கள் வரலாறு

ஒருவன் பெயர் ஓர் ஏட்டில் ஒருவாறும் மற்றோர் ஏட்டில் வேறொருவாறும் எழுதப்பட்டிருப்பின், அவன் படும் அல்லல் சொல்லுந் தரமன்று. சான்றிதழ் பெறுதற்கும், உதவிப்பணம் பெறுதற்கும் வாயில்தோறும் நின்று தான் யாரென மெய்ப்பிக்க வேண்டியவனாகின்றான். பிழை செய்தவர் பிறர், துன்புறுவோன் அவன். இத்தகைய பிழை எழாதிருக்க வழிகண்ட அறிஞர் ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம். தரவுத்தள நிருவாகம் பயிலப் புகுவார் முதற்கண் அறியவேண்டிய பெயர் அவருடையதாம்.

எட்கர் பிராங்க் காட் என்னும் இப்பெரியார், 1923-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையைச் சார்ந்த போர்ட்லண்டுத் தீவிலே பிறந்தார். எழுவர் மக்களுள் இவரே கடைசியானவர். தாயார் பள்ளி ஆசிரியை. ஆக்ஸ்போர்டு எக்ஸிட்டர் கல்லூரியில் கணிதமும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது அரச விமானப் படையில் வானோடியாகப் பணியாற்றினார். 1948-இல் அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். நிறுவனத்திற் கணினிப் பணியில் அமர்ந்தார்.

அக்காலத்துச் செனட்டர் மக்கார்த்தி என்பார், பொதுவுடைமையாளரென ஐயுற்றாரையெல்லாம் விசாரணைக்கு ஆளாக்கி வந்தார். அதனைப் பொறாத காட் அவர்கள், 1953-இல் அந்நாட்டை விட்டுக் கனடாவின் ஒட்டாவா நகருக்குச் சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தார். மீண்டு வந்தபின், நாற்பதை அணுகிய வயதில் மறுபடியும் மாணவராகி, 1965-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்நாளிற் கணினியுட் சேர்த்து வைத்த செய்திகள் மரத்தின் கிளைகள் போலவும், ஒன்றோடொன்று பிணைத்த சங்கிலிகள் போலவும் அமைந்திருந்தன. ஒரு செய்தியை எடுக்க விழைவோன், அஃது எவ்வழியே சென்றால் கிட்டும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். அமைப்பு மாறின், அதனை நம்பி எழுதிய கட்டளைத் தொகுதிகளும் பழுதாயின. காட் அவர்கள் 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு மாற்றுக் கூறினார். செய்திகளை எளிய அட்டவணைகளாக வகுக்கலாம். ஒவ்வொரு வரியையும் பிறிதினின்று பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும். அட்டவணைகள் அவ்வடையாளத்தாலேயே தம்முள் தொடர்புறும். வேண்டுவது இன்னதென்று கேட்போன் கூறினாற் போதும், செல்லும் வழியைக் கணினியே தேடிக்கொள்ளும் என்பது அதன் கருத்து.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஒரு மாணவன் முகவரி கல்லூரி அலுவலக ஏட்டிலும், விடுதி ஏட்டிலும், நூலக ஏட்டிலும் தனித்தனியே உள்ளதெனக் கொள்வோம். அவன் வீடு மாறுகின்றான். அலுவலகத்தார் திருத்தினர், ஏனையோர் திருத்திலர். இப்பொழுது மூன்று ஏடுகளுள் எது மெய்? காட் அவர்கள் நெறிப்படி முகவரி ஓரிடத்தே ஒருமுறை மட்டும் இருக்கும். ஏனைய ஏடுகளில் அவனது எண் மட்டுமே இருக்கும். இல்லாத மாணவன் எண்ணுக்கு நூல் வழங்கியதாக எழுதவும் இயலாது. ஒரு செய்தி ஓரிடத்தே மட்டும் அமையுமாறு சீர்செய்தலை இயல்பாக்கம் என்பர். யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என வரையறுத்தலும், பழுது நேரின் மீட்கப் படிகள் எடுத்து வைத்தலும் ஆகிய நிருவாகியின் கடமைகளும் ஏடுகளைக் காத்தற்கு உதவுவனவாம்.

தமிழ் பயிலும் எமக்கு இந்நெறி அயலாகத் தோன்றவில்லை. நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலும் மாறுகொளக் கூறலும் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது நேரின் பின்னது தொடர்தல் எளிது என்பதைக் காட் அவர்கள் கணிதத்தின் வாயிலாகக் காட்டினார் எனலாம்.

ஆயினும், அவர் பணிசெய்த நிறுவனமே அவர் கருத்தை விரைந்து ஏற்றிலது. பழைய முறையில் அமைந்த பொருளை விற்று அந்நிறுவனம் பெரும்பயன் கண்டிருந்ததே காரணமாகும். 1974-இல் அங்குள்ள ஆராய்ச்சியாளர் சேம்பர்லின், பாய்சு என்னும் இருவர் இந்நெறிக்கேற்ற வினாமொழி ஒன்றை வெளியிட்டனர். அதுவே இன்று எஸ்.க்யூ.எல். என வழங்குவது. எனினும் 1979-இல் பிறிதொரு நிறுவனம் முந்திக்கொண்டு அம்மொழிவழித் தரவுத்தளத்தை விற்கத் தொடங்கிற்று. பின்னாளில் ஆரக்கிள் எனப் பெயர்பெற்றது அதுவே. காட் அவர்கள் மனந்தளராது வாதிட்டு வந்தார். 1981-இல் கணினித் துறையின் தலைசிறந்த டூரிங் விருது அவரை வந்தடைந்தது. தம் நெறியின் பெயரை மட்டும் பூண்ட பொருள்கள் சந்தையில் மலிந்தபோது, 1985-இல் பன்னிரண்டு விதிகளை வகுத்து மெய்யையும் போலியையும் பிரித்துக் காட்டினார். 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், தம் 79-ஆம் வயதில், புளோரிடாவில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இன்று வங்கியிலும் மருத்துவமனையிலும் புகைவண்டி நிலையத்திலும் நம் பெயர்கள் அட்டவணைகளில் உறைகின்றன. அவற்றின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு மனிதன் நிற்கின்றான். சிறியவற்றில் உண்மையாயிருத்தலை நம் திருமறை வற்புறுத்துவதை அறிவோம். அலுவலகங்களில் நாளை அமரப்போகும் மாணவ நண்பர்காள், ஓரெழுத்துப் பிழையால் ஓர் ஏழை வாயிலில் நிற்க நேராவண்ணம் நம் கையிற் கிடைக்கும் ஏடுகளைக் காப்போமாக.